விடுபட்ட படியைத் தேடுவோம்: அட்சரகணிதம் படிப்படியாக

"சுவாமி, இவளுக்குக் கணக்கு ஏறாது. தையல் பழக விடப்போறம்."

சில ஆண்டுகளுக்கு முன் எமது மாலை வகுப்புக்கு வந்த ஒரு தாயார், தமது மகளின் தவணைப் பரீட்சைத் தாளை நீட்டியபடி இவ்வாறு கூறினார். பிள்ளை அப்போது தரம் 10இல் படித்துக்கொண்டிருந்தாள். தாளைப் பார்த்தோம். பெருக்கலில் பிழையில்லை. வகுத்தலில் பிழையில்லை. நூற்றுவீதக் கணக்கும் சரியாகவே இருந்தது. அட்சரகணிதப் பகுதி மட்டும் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

"எப்ப தொடக்கம் பிள்ளை இது விளங்கேல்லை?" என்று கேட்டோம். அவள் சற்று யோசித்தாள். "நாங்கள் காணி விட்டு வீடு மாறின வருசம், சுவாமி. ஏழாம் வகுப்பு. ரெண்டு மாதம் பள்ளிக்கூடம் போகேல்லை" என்றாள். அந்த இரண்டு மாதத்தில்தான் வகுப்பில் சமன்பாடு தொடங்கியிருக்கின்றது. பிள்ளை திரும்பி வந்தபோது மற்றவர்கள் நாலாம் படியில் நின்றார்கள். முதலாம் படியை அவளுக்குக் காட்ட எவருக்கும் நேரம் இருக்கவில்லை. அதன்பின் மூன்று வருடமாக அவள் அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டு வந்திருக்கின்றாள்.

தையல் நல்ல தொழில்தான். அதைக் குறைத்துச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் ஒரு பிள்ளை தொழிலொன்றைத் தெரிந்தெடுப்பது வேறு, வேறு வழியில்லை என்று அதற்குள் தள்ளப்படுவது வேறு. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாத பிள்ளைக்கு உயர்தர வகுப்பின் பெரும்பாலான வாசல்களும், பல வேலைவாய்ப்புகளும் அடைபட்டுப் போகின்றன. ஆகவேதான் விதை, பசளை, கடன், காணி உறுதி ஆகியவற்றைப் பற்றிப் பேசும் இப்பக்கங்களில் இம்முறை அட்சரகணிதத்தை எடுத்துக்கொள்கின்றோம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது புதிய துன்பமல்ல. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேறினர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மானிப்பாய் உட்பட வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாதையால் தென்மராட்சிக்கு நடந்தது. 2009இல் வன்னி மக்கள் எல்லாவற்றையும் விட்டு முகாம்களுக்கு வந்தனர். ஒவ்வொரு முறையும் மர நிழலிலும் கொட்டிலிலும் வகுப்புகள் நடந்தன. அந்த ஆசிரியர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கின்றோம். ஆயினும் சரித்திரத்தில் ஒரு பாடத்தைத் தவறவிட்ட பிள்ளை அடுத்த பாடத்தை விளங்கிக்கொள்ளலாம். கணிதம் அப்படியல்ல. அது ஏணி. நடுவில் ஒரு படி இல்லையென்றால் மேலேயுள்ள படிகள் எல்லாம் இருந்தும் பயனில்லை.

எனவே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. அட்சரகணிதம் வராத பிள்ளைக்குப் பெரும்பாலும் குறைவது மூளை அல்ல, ஒரு படி. அந்தப் படி எதுவென்று கண்டுபிடிக்கலாம். அட்சரகணிதம் படிக்காத தாய் தகப்பனும் அதற்கு உதவலாம்.

மானிப்பாயில் அச்சான ஒரு நூல்

"இது வெள்ளைக்காரரின் எழுத்துக் கணக்கு, எங்களுக்கு எங்கே வரப்போகின்றது" என்று சிலர் கூறுவதுண்டு. அவர்களுக்கு மானிப்பாயின் கதையைச் சொல்லவேண்டும்.

மானிப்பாயில் 1834 முதல் அமெரிக்க மிசனின் அச்சுக்கூடம் இயங்கியது. மானிப்பாய் அகராதி என்று இன்றும் சொல்லப்படும் யாழ்ப்பாண அகராதி, 58,000க்கு மேற்பட்ட சொற்களுடன் 1842இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. அதே அச்சுக்கூடத்தில் 1855ஆம் ஆண்டு தமிழில் ஓர் அட்சரகணித நூல் அச்சிடப்பட்டது. அதன் பெயர் வீசகணிதம். எழுதியவர் சுழிபுரத்தைச் சேர்ந்த கறோல் விசுவநாதபிள்ளை. இவர் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறியில் படித்து, அங்கேயே கற்பித்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டபின் அதன் முதலாவது கலைமாணிப் பட்டதாரிகள் இருவர். ஒருவர் இவர். மற்றவர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் எங்கள் தோட்டக் கிராமங்களின் பிள்ளைகள்.

வீசகணிதம் என்ற பெயரையும் கவனியுங்கள். பதினாறில் ஒன்றைக் குறிக்கும் வீசம் அல்ல இது. பீஜம் என்ற வடசொல்லின் தமிழ் உருவம். பீஜம் என்றால் விதை. பாஸ்கரர் 1150ஆம் ஆண்டளவில் எழுதிய நூலும் பீஜகணிதம் என்றே அழைக்கப்படுகின்றது. அதாவது, விதைக் கணக்கு. விதைக்குள் பயிர் மறைந்திருப்பது போலத் தெரியாத எண் கணக்குக்குள் மறைந்திருக்கின்றது. எமது பாடசாலைகளில் பின்னர் அட்சரகணிதம் என்ற பெயர் நிலைத்தது. தமிழ்நாட்டில் இயற்கணிதம் என்பார்கள். பெயர் மூன்று, பொருள் ஒன்று.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் அல்ஜிப்ரா என்ற சொல்லும் ஆங்கிலச் சொல் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி என்ற அறிஞரின் நூற்பெயரில் வரும் அல்ஜபர் என்ற அரபுச் சொல்லே அது. குறைந்ததை நிறைத்தல், உடைந்ததைப் பொருத்துதல் என்பது அதன் பொருள். முறிந்த எலும்பை வைத்துக் கட்டுவதற்கும் அதே சொல் வழங்கியது. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இப்பொருள் அந்நியமாக இராது.

சமன்பாடு என்பது தராசு

இனிப் பாடத்துக்கு வருவோம். பாடநூலில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ், வை என்ற ஆங்கில எழுத்துகளைப் போடுவார்கள். நாம் இங்கு தமிழ் எழுத்துகளைப் போடுவோம். எழுத்து எதுவானாலும் கணக்கு மாறாது. அந்த எழுத்து ஒரு மூடிய சாக்கு. உள்ளே எவ்வளவு என்று இன்னும் தெரியாது. அதற்காக உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகாது.

சமக்குறி என்பது தராசின் முள். இடத்தட்டும் வலத்தட்டும் ஒரே பாரம் என்று அது சொல்கின்றது. இக்குறியை 1557இல் முதன்முதல் அச்சில் பயன்படுத்திய றொபேட் றெக்கோட் என்பவர், இரு சமாந்தரக் கோடுகளை விடச் சமமானவை வேறில்லை என்பதாலேயே அவற்றைத் தெரிந்தெடுத்ததாகக் கூறினார்.

தராசின் முறை வெங்காயம் விற்கும் எவருக்கும் தெரியும். ஒரு தட்டில் ஒரு கிலோவை எடுத்தால் மற்றத் தட்டிலும் ஒரு கிலோவை எடுக்கவேண்டும். ஒரு தட்டைப் பாதியாக்கினால் மற்றதையும் பாதியாக்கவேண்டும். இல்லாவிட்டால் முள் சாய்ந்துவிடும். அட்சரகணிதத்தின் சட்டம் முழுவதும் இதுதான்.

"மறுபக்கம் போனால் குறி மாறும்" என்று பிள்ளைகள் மனனம் செய்கின்றார்கள். இது பிழையல்ல. ஆனால் காரணம் தெரியாமல் மனனம் செய்த பிள்ளை, எது போகலாம் எது போகக்கூடாது என்பதில் தடுமாறுகின்றது. உண்மையில் எந்த எண்ணும் சமக்குறியைத் தாண்டிப் பாய்வதில்லை. இரு தட்டிலிருந்தும் ஒரே அளவை எடுக்கின்றோம், அவ்வளவே. பிள்ளைக்கு முதலில் இதை விளங்கப்படுத்துங்கள். குறுக்கு வழி பின்னர் தானாக வரும்.

ஐந்து படிகள்

1. வாசித்தல்: கணக்கை இருமுறை வாசிக்கவும். கேட்கப்படுவது எது என்று வாயால் சொல்லவும்.

2. பெயர் வைத்தல்: தெரியாததற்கு ஓர் எழுத்தைக் கொடுத்து, அது எதன் அளவு என்று எழுதவும். ரூபாவா, கிலோவா, பரப்பா என்பதையும் சேர்த்து எழுதவும்.

3. சமன் எழுதுதல்: கணக்கில் எது எதற்குச் சமம் என்று கண்டு, அதைச் சமன்பாடாக எழுதவும்.

4. தீர்த்தல்: இரு பக்கமும் ஒரே செயலைச் செய்யவும். ஒரு வரியில் ஒரு செயல் மாத்திரம். சமக்குறிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கவேண்டும்.

5. சரிபார்த்தல்: கிடைத்த விடையைத் திரும்பக் கணக்கில் போட்டுப் பார்க்கவும்.

கொப்பித் தாளை மிச்சம் பிடிக்க எண்ணி நாலு படிகளை ஒரே வரியில் எழுதும் பிள்ளைகள் உண்டு. தாள் விலைதான். ஆனாலும் இந்தச் சிக்கனம் நட்டத்தில் முடியும். வரிக்கு ஒரு படி எழுதினால், பிழை எந்த வரியில் நடந்தது என்று உடனே தெரியும்.

முதலாவது கணக்கு: விதை வெங்காயம்

ஒரு குடும்பம் 4 பரப்பில் வெங்காயம் நடுகின்றது. உழவுக்கும் கூலிக்கும் 12,000 ரூபா. விதை வெங்காயத்துடன் சேர்த்து மொத்தச் செலவு 92,000 ரூபா. ஒரு பரப்புக்கு விதைச் செலவு எவ்வளவு? (இங்குள்ள தொகைகள் யாவும் பயிற்சிக்காக எடுத்தவை, சந்தை விலையல்ல.)

ஒரு பரப்பின் விதைச் செலவு ப ரூபா என்க.

4ப + 12,000 = 92,000

இரு பக்கமும் 12,000ஐக் கழிக்க:

4ப = 80,000

இரு பக்கமும் 4ஆல் வகுக்க:

ப = 20,000

சரிபார்த்தல்: 4 × 20,000 = 80,000. அதனுடன் 12,000 சேர்த்தால் 92,000. சரி.

இங்கு இரண்டு பிழைகள் அடிக்கடி நிகழ்கின்றன. ஒன்று, 4ப + 12,000 என்பதைச் சேர்த்து 12,004ப என்று எழுதுவது. நாலு மூடிய சாக்கும் 12,000 ரூபா காசும் சேர்ந்து 12,004 சாக்கு ஆகாது. இனம் வேறு, சேர்க்கமுடியாது. மற்றது, 92,000 − 12,000 = 80,000 ÷ 4 = 20,000 என்று ஒரே வரியில் தொடர்ந்து எழுதுவது. இப்படி எழுதினால் 80,000மும் 20,000மும் சமம் என்று ஆகிவிடுகின்றது. சமக்குறிக்கு "அடுத்தது" என்று பொருளில்லை. அது தராசின் முள்.

இரண்டாவது கணக்கு: குத்தகையா, வாரமா?

சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பமுடியாத குடும்பங்கள் பிறர் காணியில் தோட்டம் செய்கின்றன. காணிக்காரர் இரண்டு வழி சொல்கின்றார். ஒரு போகத்துக்கு 40,000 ரூபா குத்தகை கொடுக்கலாம், அல்லது விளைச்சலின் பெறுமதியில் நாலில் ஒரு பங்கை வாரமாகக் கொடுக்கலாம். எது நல்லது?

விளைச்சலின் பெறுமதி வ ரூபா என்க. இரண்டு வழியும் சமமாகும் இடத்தை முதலில் காண்போம்.

வ ÷ 4 = 40,000

இரு பக்கமும் 4ஆல் பெருக்க:

வ = 1,60,000

சரிபார்த்தல்: 1,60,000இன் நாலில் ஒன்று 40,000. சரி.

இந்த விடையை இப்படி வாசிக்கவேண்டும். விளைச்சல் 1,60,000 ரூபாவுக்கு மேல் போகும் என்று நம்பினால் குத்தகை இலாபம். அதற்குக் கீழே நிற்குமானால் வாரம் இலாபம். மழை பிழைத்த வருடத்தில் வாரம் தானாகக் குறையும், குத்தகை குறையாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். முடிவு குடும்பத்தின் கையில். சமன்பாடு எல்லைக்கோட்டைக் காட்டுகின்றது. கோபுரம் கட்ட விரும்புகின்றவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட்டுப் பார்ப்பான் என்று ஆண்டவர் கூறிய உவமை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் உள்ளது. தோட்டம் செய்பவருக்கும் அது பொருந்தும்.

மூன்றாவது கணக்கு: பழுதான இரண்டு மூடைகள்

மேலே சொன்ன பிள்ளை எங்கே தடுக்கி நின்றாள் என்று தேடியபோது, முதலிரண்டு வகைக் கணக்குகளையும் ஒரு கிழமையில் பிடித்துக்கொண்டாள். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தவுடன் பேனை நின்றது. வேறு பல பிள்ளைகளும் இதே இடத்தில் நிற்பதைக் கண்டிருக்கின்றோம். அதனால் இக்கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒருவர் 5 மூடை வெங்காயத்தை வியாபாரிக்குக் கொடுத்தார். மூடைக்கு ஒரே விலை பேசப்பட்டது. பின்னர் இரண்டு மூடை பாதி பழுது என்று சொல்லி, அந்த இரண்டுக்கும் மூடைக்கு 3 ஆயிரம் ரூபா மாத்திரமே தருவதாக வியாபாரி கூறினார். கைக்குக் கிடைத்தது 21 ஆயிரம் ரூபா. முதலில் பேசிய விலை என்ன?

பேசிய விலை மூடைக்கு ப ஆயிரம் ரூபா என்க. ஐந்து மூடைக்கும் பேசியபடி கிடைத்திருந்தால் 5ப. பழுதான ஒவ்வொரு மூடையிலும் வெட்டப்பட்டது பேசிய விலைக்கும் 3க்கும் உள்ள வித்தியாசம், அதாவது (ப − 3). இரண்டு மூடைக்கும் வெட்டு 2(ப − 3). ஆகவே:

5ப − 2(ப − 3) = 21

அடைப்பை நீக்க:

5ப − 2ப + 6 = 21

இடப்பக்கத்தில் ஒரே இனத்தைச் சேர்க்க:

3ப + 6 = 21

இரு பக்கமும் 6ஐக் கழிக்க:

3ப = 15

இரு பக்கமும் 3ஆல் வகுக்க:

ப = 5

பேசிய விலை மூடைக்கு 5 ஆயிரம் ரூபா. சரிபார்த்தல்: 5 மூடைக்கு 25 ஆயிரம். வெட்டு மூடைக்கு 2 ஆயிரமாக 4 ஆயிரம். மிச்சம் 21 ஆயிரம். சரி.

இப்பொழுது பிள்ளையின் கேள்வி: "கழித்தல் 6 அல்லவா வரவேண்டும்? கூட்டல் 6 எப்படி வந்தது?" கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் என்று விதியைச் சொல்லி விட்டுவிடலாம். ஆனால் 3ப + 6 என்ற வரியைச் சந்தைக் கண்ணால் பாருங்கள். 3ப என்பது நல்ல மூன்று மூடையின் காசு. 6 என்பது பழுதான இரண்டு மூடைக்கும் வியாபாரி கொடுத்த மூன்றும் மூன்றும். அது கைக்கு வந்த காசு. வந்த காசு எப்படிக் கழித்தலாகும்? அந்த இரு மூடையின் முழு விலையையும் வெட்டிவிட்டு, வெட்டியதில் மூடைக்கு 3 ஆயிரத்தைத் திருப்பித் தருகின்றோம். அதனால்தான் அது கூட்டல்.

பிள்ளை −6 என்று எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? 3ப − 6 = 21, 3ப = 27, ப = 9 என்று வந்திருக்கும். விடை முழு எண்ணாக வந்ததால் சரிபோலத் தோன்றும். ஐந்தாம் படிதான் காப்பாற்றும். 5 மூடைக்கு 45. வெட்டு மூடைக்கு 6ஆக 12. மிச்சம் 33. ஆனால் கிடைத்தது 21 அல்லவா? தராசு சாய்ந்துவிட்டது. மேலே போய் ஒவ்வொரு வரியாகப் பார்த்தால், அடைப்பை நீக்கிய வரியில் பிழை நிற்பதைக் காணலாம். முழுக் கணக்கும் தெரியாது என்று பிள்ளை அழவேண்டியதில்லை. ஒரு வரியில், ஒரு குறி.

நாலாவது கணக்கு: கொப்பியும் பேனையும்

தெரியாதவை இரண்டு இருந்தால் சமன்பாடும் இரண்டு வேண்டும். இவற்றை ஒருங்கமை சமன்பாடுகள் என்பர்.

ஒரு கடையில் 3 கொப்பியும் 2 பேனையும் வாங்கிய தாய் 420 ரூபா கொடுத்தார். அதே கடையில் 1 கொப்பியும் 2 பேனையும் வாங்கிய அயலவர் 180 ரூபா கொடுத்தார். கொப்பி என்ன விலை? பேனை என்ன விலை?

ஒரு கொப்பி க ரூபா, ஒரு பேனை ப ரூபா என்க.

3க + 2ப = 420 (முதலாவது)

க + 2ப = 180 (இரண்டாவது)

இருவரும் வாங்கிய பேனை ஒரே அளவு. ஆகவே முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பேனை மறைந்துவிடும்:

2க = 240

க = 120

இதை இரண்டாவதில் போட:

120 + 2ப = 180

2ப = 60

ப = 30

சரிபார்க்கும்போது முதலாவது சமன்பாட்டிலும் போட்டுப் பார்க்கவேண்டும்: 360 + 60 = 420. சரி. இரண்டாவதில் மாத்திரம் சரிபார்த்தால் போதாது, ஏனெனில் பேனையின் விலையை அதிலிருந்துதான் எடுத்தோம். வழக்கில் ஒரே சாட்சியை இருமுறை கூப்பிடுவது போல அது ஆகிவிடும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

"நாங்கள் ஐந்தாம் வகுப்போடை விட்ட ஆக்கள், என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?" என்று தகப்பன்மார் கேட்பதுண்டு. சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை. பிள்ளை கணக்குச் செய்யும்போது பக்கத்தில் இருந்து மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்.

முதற் கேள்வி: "இதிலை தெரியாதது எது பிள்ளை?" பிள்ளை பதில் சொல்ல முடியாவிட்டால் அது வாசித்தலில் உள்ள குறை. கணக்கைச் சத்தமாக மீண்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் கேள்வி: "இந்த வரிக்கும் அந்த வரிக்கும் இடையிலை என்ன செய்தனி?" பிள்ளை ஒவ்வொரு வரிக்கும் ஒரு செயலைச் சொல்லவேண்டும். எந்த இடத்தில் "அப்பிடித்தான் வரும்" என்று பதில் வருகின்றதோ அதுதான் விடுபட்ட படி. அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, அடுத்தநாள் ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். "எனக்குக் கணக்கு விளங்கவில்லை" என்று சொல்லும் பிள்ளைக்கு ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது? "இந்த வரி விளங்கவில்லை" என்று சொல்லும் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் உதவலாம்.

மூன்றாம் கேள்வி: "விடையைத் திருப்பிப் போட்டுப் பாத்தனியே?" கூட்டல், பெருக்கல் தெரிந்த எவரும் இதைப் பிள்ளையுடன் சேர்ந்து செய்யலாம். சந்தையில் வியாபாரியின் கணக்கை மனத்தால் பிடிக்கும் தாய்மார் இதில் பிள்ளைகளை விடக் கெட்டிக்காரர்.

ஒன்று மாத்திரம் செய்யாதீர்கள். "உனக்கு இது ஏறாது" என்று பிள்ளை கேட்கச் சொல்லாதீர்கள். வீட்டையும் காணியையும் விட்டு வந்த பிள்ளைக்கு, படிப்பையும் விட்டுவிடு என்று சொல்வது போல அது விழுகின்றது. ரியூசனுக்கு அனுப்பப் பணம் இல்லாத குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து, ஒரு வீட்டுத் திண்ணையில் கிழமைக்கு இரண்டு மாலை பிள்ளைகளை ஒன்றாக இருத்தலாம். தரம் 11 பிள்ளை தரம் 8 பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். சொல்லிக்கொடுப்பவருக்கே அதில் கூடிய பயன், ஏனெனில் தனது விடுபட்ட படி அப்போதுதான் தெரியவரும்.

பயிற்சிகள்

1. ஒரு ஏக்கர் காணி 16 பரப்பு. அதில் மிளகாய் நட்டதைப் போல் இருமடங்கு பரப்பில் வெங்காயம் நடப்பட்டது. மிகுதி 4 பரப்பில் மரவள்ளி. மிளகாய் எத்தனை பரப்பு?

2. ஒரு குடும்பம் தனது விளைச்சலில் பாதியை விற்றது. மூன்றில் ஒன்றை விதைக்கு வைத்தது. மிகுதி 50 கிலோ வீட்டுப் பாவனைக்கு. மொத்த விளைச்சல் எவ்வளவு? (இரு பக்கமும் 6ஆல் பெருக்கிப் பின்னங்களை நீக்குக.)

3. நீர் இறைக்கும் இயந்திரம் ஒன்றுக்கு மணித்தியாலத்துக்கு 600 ரூபா வாடகை. இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கூலி 2,400 ரூபாவும் மணித்தியாலத்துக்கு 300 ரூபாவும். எத்தனை மணித்தியாலம் இறைத்தால் இரண்டுக்கும் ஒரே செலவு? அதற்கு மேல் இறைத்தால் எது மலிவு?

4. தாயின் வயது மகளின் வயதைப் போல் மூன்று மடங்கு. 10 வருடத்தின் பின் இருமடங்காக இருக்கும். இன்று மகளின் வயது என்ன?

விடைகள்: (1) 4 பரப்பு. (2) 300 கிலோ. (3) 8 மணித்தியாலம், அதற்கு மேல் இரண்டாவது மலிவு. (4) 10 வயது.

விடை சரியாக வந்தால் மட்டும் போதாது. ஐந்து படிகளும் கொப்பியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விடை பிழைத்து, படிகள் எழுதப்பட்டிருந்தால் பிள்ளையைப் பாராட்டுங்கள். பிழை எங்கே நிற்கின்றது என்று இப்போது தேடலாம்.

குழுவாகக் கலந்துரையாட

எமது கிராமத்தில் இடப்பெயர்வு காரணமாகப் பாடசாலை நாட்களை இழந்த பிள்ளைகள் யார்? அவர்கள் எந்த வகுப்பில், எத்தனை மாதம் இழந்தார்கள்? அந்த மாதங்களில் நடந்த பாடங்கள் எவை என்று ஆசிரியரிடம் கேட்டு அறியலாமா? மாதர் சங்கமோ விவசாயிகள் சங்கமோ இதற்கென ஒரு மாலை நேரத்தை ஒதுக்கமுடியுமா?

மூன்று வருடமாக வெறுமையாக இருந்த அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்லி முடிப்போம். அடைப்புக்குறிக் கணக்குகள் இருபதைச் செய்தபின், ஒரு மாலை அந்தப் பிள்ளை கொப்பியைக் கொண்டு வந்தாள். விடை பிழைத்திருந்தது. ஆனால் நாம் பார்க்குமுன் மூன்றாம் வரியைத் தானே வட்டமிட்டு, "இதிலைதான் சுவாமி விட்டனான்" என்று காட்டினாள். தாயார் பக்கத்தில் நின்றார். அன்று தையல் பற்றி எவரும் பேசவில்லை.